ஓடிய தடமே ஆயுதமாகும் பந்தயம்

மோட்டார் சைக்கிள் பந்தயமும் சண்டையும் ஒன்றாகக் கலந்த வீடியோ கேம் என்றால், கம்ப்யூட்டர் சென்டர்களில் பொழுதைக் கழித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது ரோடு ராஷ்தான். 1991-இல் சேகா விளையாட்டுக் கருவிக்காக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டு, 1996-இல் விண்டோஸுக்கும் வந்து சேர்ந்த அந்த விளையாட்டில், கலிஃபோர்னியச் சாலைகளில் பறந்துகொண்டே பக்கத்து வண்டிக்காரனைக் கையால் குத்தலாம், காலால் உதைக்கலாம், அவன் நம்மை அடிக்க ஓங்கும் தடியையே பிடுங்கி அவனை அடிக்கலாம். எனக்கும் அது மிகவும் பிடித்த விளையாட்டு. ஆனால் இந்தப் பதிவில் நான் எழுத விரும்புவது, அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே திரையில் ஓடத் தொடங்கிய வேறொரு வண்டியைப் பற்றி. அதை ஓட்டுபவர் கையில் தடி கிடையாது, சங்கிலி கிடையாது, துப்பாக்கி கிடையாது. வண்டி கடந்து வந்த பாதை முழுவதும் அதன் பின்னால் சுவராக எழுந்து நிற்கிறது என்பதைத் தவிர, அந்தப் போரில் வேறு எந்த ஆயுதமும் இல்லை. 1982-இல் வெளிவந்த ட்ரான் என்ற ஹாலிவுட் திரைப்படத்தின் வழியே உலகத்துக்கு அறிமுகமான லைட் சைக்கிள்தான் அது.

ஆட்டத்தின் விதியைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். நான்கு பக்கமும் அடைக்கப்பட்ட மைதானத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் தான் போன வழியெல்லாம் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டே போகிறது. எந்தச் சுவரில் மோதினாலும், அது மைதானத்தின் சுவரானாலும் எதிரியுடையதானாலும் தன்னுடையதே ஆனாலும், மோதியவர் ஒழிந்தார். வண்டி வளைந்து திரும்பாது, செங்கோணத்தில் வெட்டித் திரும்பும். நிறுத்த முடியாது, பின்னால் எடுக்கவும் முடியாது. இவ்வளவுதான் விதி என்றாலும், இதற்குள் அடங்கியிருக்கும் ஆழத்தை நான் வேறு எந்தப் பந்தய விளையாட்டிலும் கண்டதில்லை. சாதாரணப் பந்தயத்தில் நாம் கடந்துவிட்ட சாலை அத்துடன் முடிந்துபோய்விடும், அதைப் பற்றி அதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை. இங்கேயோ நாம் கடந்த ஒவ்வோர் அடியும் மைதானத்தில் அப்படியே நிலைத்து நின்று, எதிரிக்குத் தடையாவதைப் போலவே சிறிது நேரம் கழித்து நமக்கும் தடையாகிறது. வேகமாக ஓட ஓட எதிரியை நெருக்குகிறோம், அதே வேகத்தில் நமக்கு மிச்சமிருக்கும் இடத்தையும் தீர்த்துக்கொண்டு வருகிறோம்.

இந்த விதி ட்ரான் படத்தில் பிறந்ததன்று. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இயங்கிய கிரெம்லின் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் 1976-இல் பிளாக்கேட் என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரையில் இருவர் ஆளுக்கொரு கோட்டை நீட்டிக்கொண்டே போவதும், முதலில் மோதுபவர் தோற்பதும்தான் அதன் முழு உள்ளடக்கம். மறுவருடமே அடாரி நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டபோது, அதனுடன் முதல் வரிசையில் வந்த ஒன்பது விளையாட்டுகளில் சரவுண்ட் என்ற பெயரில் இதே கருத்து இடம்பெற்றிருந்தது. இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளையை நம்மில் அறியாதவர் இருக்க முடியாது. 1997-இல் நோக்கியா 6110 கைபேசியில் வந்து, பிறகு 3310, 1100 எனக் கைக்குக் கை பரவிய பாம்பு விளையாட்டும் பிளாக்கேடின் வாரிசே. பாம்பு தனியாளுக்குரிய ஆட்டமாகத் திரும்பி, தின்று வளர்வதைக் கணக்காக எடுத்துக்கொண்டது. லைட் சைக்கிள் எதிரியை விட்டுவிடாமல் போராகவே நீடித்தது. எனக்கு இரண்டாவது கிளையின் மீதுதான் பற்று அதிகம், ஏனென்றால் நம்மைப் போலவே யோசிக்கும் இன்னொரு மனிதர் மறுபுறம் இருக்கும்போதுதான் இந்த விதியின் கூர்மை முழுதாக வெளிப்படுகிறது.

அந்த வெறும் கோட்டை மோட்டார் சைக்கிளாக ஆக்கியவர்கள் யார் என்று பார்த்தால், வெவ்வேறு துறையைச் சேர்ந்தவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததைக் காணலாம். படத்தின் இயக்குநர் ஸ்டீவன் லிஸ்பெர்கர் அடிப்படையில் அனிமேஷன் கலைஞர், 1976 வாக்கில் பாங் என்ற மேசைப்பந்து வீடியோ விளையாட்டைப் பார்த்ததிலிருந்தே கணினி விளையாட்டுகளின் உள்ளே நடக்கும் ஒரு கதையை எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் ஊறத் தொடங்கியது. வண்டியை வடிவமைத்த சிட் மீட், ஃபோர்டு கார் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவர், நாளைய உலகத்தின் வாகனங்களையும் நகரங்களையும் வரைவதில் பெயர் பெற்றவர். அதே 1982-இன் ஜூன் கடைசியில் வெளியான பிளேடு ரன்னர் படத்தின் மழை ஊறிய நகரமும், ஜூலை 9 அன்று வெளியான ட்ரான் படத்தின் ஒளிரும் வண்டியும் இந்த ஒரே மனிதரின் வரைபலகையிலிருந்து வந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு முற்றிலும் மாறுபட்ட பதில்களை, இரண்டே வார இடைவெளியில், அவர் திரையில் வைத்துவிட்டார்.

மீட் முதலில் வரைந்த வண்டியில் ஓட்டுபவரின் உடல் வெளியே தெரிந்தது. உடலும் வண்டியும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே வடிவமாக அமைவதே அவர் கற்பனை. ஆனால் அன்றைய கணினியால் அதை உருவாக்க முடியவில்லை. லைட் சைக்கிள் காட்சிகளைச் செய்த மேஜி என்ற நியூயார்க் மாநில நிறுவனம், 1966-இல் அணுக் கதிர்வீச்சு பொருள்களின் ஊடே எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடுவதற்காகத் தொடங்கப்பட்டது. கதிர்வீச்சின் கதிர்களைப் பின்தொடர எழுதிய அதே கணக்கை ஒளியின் கதிர்களுக்குப் பயன்படுத்தினால் படம் கிடைக்கும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த மென்பொருளுக்குத் தெரிந்தவை கோளம், உருளை, கூம்பு, பெட்டி போன்ற அடிப்படைத் திண்ம வடிவங்கள் மட்டுமே. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தும்தான் எதையும் உருவாக்க வேண்டும். மனித உடலின் முதுகு வளைவை அப்படிச் செதுக்க முடியாது என்பதால், ஓட்டுபவரை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். முன்னும் பின்னும் இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றைத் தழுவிய மேலோடு, நடுவே கண்ணாடிக் கூடு என்று இன்று நாம் அறிந்த அந்த வடிவம் இப்படித்தான் உருவானது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது பழசாகத் தெரியாததற்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம். கணினியால் முடியாததை ஒப்பேற்ற முயலாமல், முடிந்த வடிவங்களை மட்டும் கொண்டு நேர்மையாகச் செய்த பொருள் அது.

அதை ஓட வைத்த உழைப்பையும் சொல்லியாகவேண்டும். இன்று போலத் திரையில் வண்டியை மவுஸால் இழுத்துப் பாதை வரையும் வசதி அன்று இல்லை. ஒரு பொருள் படத்தின் ஒரு சட்டகத்தில் (ஃபிரேமில்) எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பிச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள், ஆக ஆறு எண்களைத் தாளில் எழுதித் தரவேண்டும். நொடிக்கு 24 சட்டகங்கள் என்றால், ஒரே ஒரு வண்டி நான்கு நொடி ஓடுவதற்கு 576 எண்கள். பில் க்ரோயர், ஜெர்ரி ரீஸ் ஆகிய இரு அனிமேஷன் கலைஞர்களும் இந்த எண்களைக் கொண்டே அசைவுகளை அமைத்தார்கள். மேஜியின் கணினியில் இருந்த நினைவகம் 2 மெகாபைட்தான். இன்று நம் கைபேசியில் வந்து விழும் ஒரு காலை வணக்கப் படம்கூட அந்த நினைவகத்தில் பாதியை நிறைத்துவிடலாம். படம் முழுவதிலும் கணினியே முற்றாக உருவாக்கிய காட்சிகள் ஏறத்தாழ 15 நிமிடங்கள்தான், அவற்றிலும் லைட் சைக்கிள் பந்தயம் சில நிமிடங்கள் மட்டுமே. ஆனாலும் படத்தின் கதையை மறந்துவிட்டவர்கள்கூட, கட்டம் போட்ட அந்தத் தரையின் மீது வண்டிகள் சட்டென்று செங்கோணத்தில் திரும்புவதையும், பின்னால் சுவர் விரிவதையும், வழியடைபட்ட ஒரு வண்டி மோதிச் சிதறுவதையும் மறப்பதில்லை.

படம் வெளியான அதே ஆண்டில் பாலி மிட்வே நிறுவனம் ட்ரான் ஆர்கேட் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. நான்கு சிறு விளையாட்டுகளைச் சேர்த்துச் செய்த அந்த இயந்திரத்தில் ஒன்று லைட் சைக்கிள். நீல நிறத்தில் ஒளிரும் ஜாய்ஸ்டிக்கைத் திரும்பவேண்டிய திசையில் தள்ளவேண்டும், அதிலேயே இருக்கும் விசையை அழுத்தி வேகத்தைக் கூட்டவேண்டும். பன்னிரண்டு நிலைகளுக்கும் வைத்த பெயர்களைப் பார்த்தால், செய்தவர்கள் யாருடைய உலகத்திலிருந்து வந்தவர்கள் என்பது தெரிந்துவிடும். ஆர்பிஜியில் தொடங்கி, கோபால், பேசிக், ஃபோர்ட்ரான், ஸ்னோபால் என்று அக்கால நிரல் மொழிகளின் பெயர்களாகவே பெரும்பாலும் அமைந்து, கடைசி நிலை யூசர் என்று முடியும். கல்லூரியில் ஃபோர்ட்ரானும் கோபாலும் படித்த மூத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வரிசையைக் காட்டினால் முகம் மலர்வது உறுதி.

இனி ஆட்டத்துக்குள் வருகிறேன், ஏனென்றால் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதன் தோற்றத்தோடு நின்றுவிடுகிறார்கள். புதிதாக ஆடுபவர் எதிரியை மோதவைப்பதே குறி என்று எண்ணி, அவர் வண்டியின் குறுக்கே பாய்ந்துகொண்டே இருப்பார். சற்றுப் பழகியவருக்கு, இது இடத்தைப் பங்கு போடும் ஆட்டம் என்பது விளங்கும். மைதானத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் யார் முதலில் போய்ச் சேர முடியும் என்று பார்க்கவேண்டும். நான் முதலில் சேரக்கூடிய கட்டங்கள் என்னுடையவை, எதிரி முதலில் சேரக்கூடியவை அவருடையவை. இந்தப் பங்கீட்டில் என் பக்கம் கூடும்படியாகவே ஒவ்வொரு திருப்பமும் இருக்கவேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஒரு சமயத்தில் இரண்டு பேருடைய சுவர்களும் சேர்ந்து மைதானத்தை இரண்டாகப் பிரித்துவிடும். அதன் பிறகு ஒருவரை ஒருவர் தொடவே முடியாது, அவரவர் அறைக்குள் யார் நீண்ட நேரம் மோதாமல் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் மிச்சம். பார்ப்பவர்களுக்கு அந்தப் பகுதி சலிப்பாகத் தோன்றலாம். ஆடுபவருக்கு, ஒரு கட்டத்தைக்கூட வீணாக்காமல் மடிந்து மடிந்து இடத்தை நிரப்பும் அந்த நேரம்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரம்.

இந்த நிரப்புதலிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அறையின் கட்டங்களைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வண்ணம் தீட்டியதாக வைத்துக்கொண்டால், வண்டி ஒவ்வோர் அடியிலும் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்குத்தான் போக முடியும். ஆகவே ஓர் அறையில் கறுப்புக் கட்டங்கள் 30-உம் வெள்ளைக் கட்டங்கள் 20-உம் மிச்சமிருந்தால், மொத்தம் 50 இருந்தாலும், கறுப்பில் தொடங்கி மாற்றி மாற்றிப் போகும் வண்டி 41 கட்டங்களுக்கு மேல் போகவே முடியாது, மீதி 9 வீண். பெரிய அறை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர் சிறிய அறைக்காரரிடம் தோற்பது இப்படியும் நேரும். 2010-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர்கள் கூகுளின் ஆதரவோடு ஒரு செயற்கை அறிவுப் போட்டி நடத்தினார்கள், லைட் சைக்கிள் ஆடும் நிரல் எழுதி அனுப்பவேண்டும் என்பதே போட்டி. அதில் முதலிடம் பெற்ற நிரல் மேலே சொன்ன இரண்டு கருத்துகளையும் பயன்படுத்தியது. யாருக்கு எந்தக் கட்டம் அருகில் என்ற பங்கீடு, கறுப்பு வெள்ளைக் கணக்கு, இவற்றோடு சதுரங்க நிரல்களில் உள்ளதுபோல எதிரியின் பதில் நகர்வுகளையும் சில அடிகள் முன்கூட்டியே பார்ப்பது. போட்டிக்குப் பிறகு அதை எழுதியவர் தன் முறை முழுவதையும் விளக்கி வெளியிட்ட கட்டுரையைப் படித்தபின், நான் ஆடும் விதமே மாறியது. திரையில் வண்டியைப் பார்ப்பதை விட்டு, இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் எங்கே எல்லை விழுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

அடுத்த தலைமுறை லைட் சைக்கிள்களைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். 2003-இல் மோனோலித் நிறுவனம் செய்த ட்ரான் 2.0 என்ற விளையாட்டுக்குச் சிட் மீட் மீண்டும் ஒரு வண்டி வடிவமைத்துத் தந்தார், முதல் வண்டியின் கண்டிப்பும் அதில் ஓரளவு இருந்தது. 2010-இல் வந்த ட்ரான் லெகசி படத்தில் கணினிக்குப் பழைய தடைகள் எதுவும் இல்லை. டேனியல் சைமன் வடிவமைத்த புதிய வண்டியில், மீட் முதலில் கனவு கண்டபடியே, ஓட்டுபவர் உடல் வெளியே தெரிந்தபடி குப்புறப் படுத்து வண்டியோடு ஒன்றிவிடுகிறார். பார்ப்பதற்கு அது பேரழகு, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் வண்டிகள் வளைந்து திரும்புகின்றன, மைதானம் பல தளங்களாக மேலும் கீழும் பின்னிக் கிடக்கிறது, ஓட்டுபவர்கள் கையில் எறியும் வட்டும் இருக்கிறது. மேல்தளத்துக்கோ கீழ்த்தளத்துக்கோ தப்பிவிடலாம் என்ற நிலை வந்தவுடன் சுவருக்கு மதிப்பு குறைந்துவிடுகிறது. வளைந்து போகலாம் என்றவுடன் ஒவ்வொரு திருப்பமும் ஒரு முடிவு என்ற அழுத்தம் கரைந்துவிடுகிறது. செங்கோணத் திருப்பம் என்பது திரும்பினாய் அல்லது திரும்பவில்லை என்ற இரண்டில் ஒன்று. அந்தக் கறாரில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. அழகுக்காக அதைத் தளர்த்தியவர்கள், பார்ப்பவர்களுக்கு நிறையக் கொடுத்து ஆடுபவர்களிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள் என்றே கருதுகிறேன்.

அந்த உயிரைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரிய நிறுவனங்களின் வெளியீடுகள் அல்ல, தன்னார்வலர்கள் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலிருந்து வளர்த்துவரும் ஆர்மகெட்ரான் அட்வான்ஸ்டு என்ற கட்டற்ற மென்பொருள்தான். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதள வகைகளின் மென்பொருள் களஞ்சியங்களில் அது இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும், காசு கேட்காது, மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதைத் திறந்தவுடன் கண்ணில் படுவது அலங்காரமற்ற கட்டத் தரையும் வண்ணச் சுவர்களும் மட்டுமே. முதல் பார்வையில் பழைய ஆட்டத்தை முப்பரிமாணத்தில் அப்படியே எடுத்துவைத்தது போலத் தோன்றும். ஆடத் தொடங்கிய பிறகுதான், அதைச் செய்தவர்கள் பழைய விதியோடு சேர்த்த ஒரே ஒரு புதிய விதி, எப்படி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது என்பது தெரியவரும்.

அந்த விதி இதுதான்: சுவருக்கு மிக அருகில் ஓடினால் வேகம் கூடும். நெருக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வேகம். திறந்தவெளியில் தனியே ஓடும் வண்டி மெல்ல மெல்லத் தன் இயல்பான வேகத்துக்கு இறங்கிவிடும், ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் வேகம் குறையும். ஆகவே முன்னேறவேண்டும் என்றால் எந்தச் சுவர் நம்மைக் கொல்லுமோ அதே சுவரை உரசிக்கொண்டுதான் ஓடவேண்டும். போர் மட்டுமே இருந்த இடத்தில் பந்தயம் வந்து சேர்ந்தது இந்த விதியால்தான். எதிரி எனக்கு முன்னே போய்க்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுச்செல்லும் சுவரின் ஓரமாக நான் நுழைகிறேன், தீப்பொறி பறக்கிறது, என்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, அவர் எழுப்பிய சுவரே எனக்கு வேகத்தைத் தருகிறது. சில நொடிகளில் அவர் வண்டிக்கு இணையாக வந்துவிடுகிறேன், இன்னும் ஒரு வண்டி நீளம் முந்தியவுடன் அவர் முன்னால் வெட்டித் திரும்பினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அவருக்கும் இது தெரியும். நான் இணையாக வரும் கணத்துக்குச் சற்று முன்பே அவர் என் பக்கம் திரும்பினால் நான் நேராக அவர் சுவரில் மோதவேண்டியதுதான். அவர் எப்போது திரும்புவார் என்று நானும், நான் எப்போது வெட்டுவேன் என்று அவரும் காத்திருக்கும் அந்த ஓரிரு நொடியின் இறுக்கத்துக்காகவே நான் இந்த விளையாட்டுக்குத் திரும்பத் திரும்ப வருகிறேன்.

இன்னொரு நுட்பத்துக்கு அவர்கள் ரப்பர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவரில் முட்டப்போகும் வண்டி உடனே வெடித்துவிடாமல், கண்ணிமைக்கும் நேரம் சுவருக்கு முன்னே பிதுங்கி நின்று தாங்கும், அதற்குள் திரும்பிவிட்டால் பிழைக்கலாம். இந்தத் தாங்கும் சக்தி ஓர் அளவுக்குத்தான், பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும், பிறகு மெல்ல நிரம்பும். இணையத்தில் தொலைதூரச் சர்வர்களோடு ஆடும்போது ஏற்படும் தாமதத்தை இது பெருமளவு பொறுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள சர்வர்களில் நம் ஊரிலிருந்து ஆடுபவர்களுக்கு இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது. அனுபவசாலிகளோ இதைத் தாக்கும் கருவியாகவும் மாற்றிவிட்டார்கள். இடைவெளியே இல்லை என்று தோன்றும் அளவுக்குச் சுவரில் ஒட்டி ஓடி, இரண்டு திருப்பங்களை அடுத்தடுத்து அழுத்தி, ஒரு வண்டி நுழைய வழியில்லாத சந்தில் நுழைந்து வெளியே வருவதைப் பார்த்தால், விரல்களுக்கு இவ்வளவு துல்லியம் கூடுமா என்று தோன்றும். அதற்காகவே இடப்பக்கம் திரும்ப இரண்டு விசைகள், வலப்பக்கம் திரும்ப இரண்டு விசைகள் என்று அமைத்துக்கொள்வார்கள். ஒரே விசையை இருமுறை தட்டுவதைவிட இரண்டு விரல்களால் இரண்டு விசைகளைத் தட்டுவது விரைவானது.

குழுவாக ஆடுவதற்குக் கோட்டை என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு வட்டம், அதைக் காப்பதும் எதிரணியின் வட்டத்தைப் பிடிப்பதும் நோக்கம். காவலுக்கு நிற்பவர் நிற்க முடியாது என்பதுதான் இங்கே விசேஷம், ஏனென்றால் லைட் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எனவே அவர் தன் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, தன் சுவரையே வேலியாகக் கட்டுகிறார். இந்த முறையில் சுவரின் நீளத்துக்கு எல்லை உண்டு, வால் பகுதி மறைந்துகொண்டே வரும். ஆகவே வேலியில் எங்கே வால் முடிகிறதோ அங்கே ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்கும், அந்த வாசலும் வண்டியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். தாக்க வருபவர் அந்த வாசல் தன் பக்கம் வரும் கணத்தில் உள்ளே பாயவேண்டும், காவலர் அதற்குள் சுற்றை இறுக்கி வாசலை மூடவேண்டும். ஒரு நல்ல காவலர் தன் வாலின் நுனியை உரசிக்கொண்டே வேகம் பிடித்து, இடைவெளியே தெரியாதபடி சுற்றுவதை அணியில் முதலில் இறந்தவர்கள் பார்வையாளர்களாக இருந்து பார்க்கலாம். நான் அப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்டதே அதிகம்.

புதிதாகத் தொடங்க விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் இணையத்துக்குப் போகவேண்டாம், அங்கே இருப்பவர்கள் பல ஆண்டுகளாக ஊறியவர்கள். கணினியே ஓட்டும் வண்டிகள் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சுவரின் நீளத்துக்கு எல்லை வைக்காமல் ஆடுங்கள், இடத்தைப் பங்கிடும் கணக்கு அதில்தான் பிடிபடும். அது கைவந்த பிறகு, மைதானத்தின் ஓரச் சுவரை எவ்வளவு நெருக்கமாக உரசி ஓட முடிகிறது என்று தனியே பயிற்சி செய்யுங்கள், திரும்பும் விசைகளை இரட்டையாக அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே கணினியில் திரையைப் பிரித்து, வீட்டில் இருக்கும் தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் உட்காரவைத்து ஆடிப்பாருங்கள். இணையத்தில் கோட்டை ஆடப் போகும்போது, முதல் சில சுற்றுகளுக்குக் காவல் வேலையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அணியின் நடுவில் நின்று, முன்னால் போகும் தோழரின் சுவரை ஒட்டியே போய் வேகம் பிடிக்கப் பழகுங்கள். காவல் யாருக்கு, தாக்குதல் யாருக்கு என்பதை அந்த அணியில் நெடுநாள் ஆடியவர்களே சொல்லிவிடுவார்கள்.